ஜெராய் தொப்பி போட்டால் ஆற்றில் இறங்காதே!

"ஜெராய் தொப்பி போட்டுக்கிச்சு. இன்னைக்குப் பால் தேறாது!"

பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த என் காதில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கும் பேச்சு இது. பொழுது புலர்ந்து, பாதி நிரை வெட்டி முடிந்த நேரத்தில் அம்மா தலைவிளக்கை அணைத்துவிட்டு மலைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். உச்சி பளிச்சென்று தெரிந்தால் மீதி மரங்களை நிதானமாக வெட்டலாம். வெள்ளையாக ஒரு துண்டு மேகம் உச்சியில் உட்கார்ந்திருந்தாலும் பாதகமில்லை. காலையில் அது அப்படித்தான் இருக்கும். அந்தத் தொப்பி கறுத்து, தடித்து, மலையின் காது வரை இறங்கிவிட்டதென்றால் ஓட்டம்தான்! மழை முந்திக்கொண்டால் மங்கில் பால் இருக்காது, வெள்ளைத் தண்ணீர்தான் இருக்கும். அன்றைய கூலியில் துண்டு விழும். கிராணியாரிடம் கெஞ்சி என்ன பயன்? மழைக்கு அவர் என்ன செய்வார்!

வடகெடாவிலும் தென்கெடாவிலும் கித்தா வெட்டிப் பிழைத்த நம்மவர்களுக்கு ஜெராய் மலை இப்படித்தான் பழக்கம். அது நமக்குக் கடிகாரம், வானிலை நிலையம், திசைகாட்டி எல்லாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், தோழர்களே! காலமெல்லாம் அண்ணாந்து பார்த்த அந்த மலையில் ஒரு நாளாவது கால் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? என் அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டினார். அத்தனை ஆண்டிலும் ஒரு நாள்கூட அங்கே போனதில்லை. "நமக்கெதுக்கு மலையும் காடும்? நாம இருக்கிறதே காடுதானே" என்பார். மலை என்றால் துரைமார் குளிர் காய்கிற இடம் என்ற நினைப்பு அந்தத் தலைமுறைக்கு. தப்பும் சொல்ல முடியாது. பேராக்கில் மேக்ஸ்வெல் மலை, பகாங்கில் பிரேசர் மலை, கேமரன் மலை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் அவர்களுக்காகத் திறந்த இடங்கள்தாமே.

இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் போன இடத்தில் தாமான்கள் எழுந்துவிட்டன. செம்பனைக் காட்டில் இன்னும் வேலை பார்ப்பவர்களும் உண்டு. சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறிப் போகிற பிள்ளைகளும் உண்டு. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு வீட்டுக்கு ஒரு கார் என்று வந்துவிட்டது. வெள்ளி, சனி வந்தால் ஜெராய் அடிவாரத்து நீர்வீழ்ச்சிகளில் நம் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறேன். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. கூடவே வயிற்றில் ஒரு கலக்கமும் இருக்கிறது. அந்தக் கலக்கத்தைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். ஜெராயின் உயரம் 1,217 மீட்டர், அதாவது நாலாயிரம் அடிக்கு ஏழு அடிதான் குறைவு. நாட்டில் இதைவிட உயர்ந்த மலைகள் நிறைய உண்டு. ஆனால் அவை தொடர்மலைகளில் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்பவை. ஜெராய் தனிக்கட்டை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் யான் வட்டார நெல் வயல், மற்றொரு பக்கம் தோட்டக்காடு. நடுவில் தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது. அதனால்தான் கடலில் வெகு தூரத்திலேயே அது கண்ணில் படும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னே பாய்மரக் கப்பலில் வங்கக் கடலைக் கடந்து வந்தவர்கள் கரை நெருங்கியதை இந்த மலையைப் பார்த்துத்தான் அறிந்தார்கள். நம் சரித்திரம் 'கடாரம்' என்று சொல்லும் நாடு இதன் காலடியில் இருந்தது. 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும் இங்கேதான்.

அந்தக் காலத்துக் கோயில் ஒன்றின் அடித்தளம், மெர்போக் பக்கம் மலையடிவாரத்தில், ஓடையோரம் இன்றும் இருக்கிறது. சண்டி புக்கிட் பத்து பகாட் என்று பெயர். 1959, 1960-ஆம் ஆண்டுகளில் கல்லைக் கல்லோடு சேர்த்துச் சீரமைத்தார்கள். பக்கத்திலேயே புஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகமும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் நீர்வீழ்ச்சியோடு திரும்பிவிடாமல் இங்கேயும் ஓர் அரை மணி நேரம் நின்று பாருங்கள். இன்னொரு சேதி. பீடோங் அருகே சுங்கை பத்துத் தோட்டத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பழங்கால இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. ஆமாம், தோட்டத்து மண்ணில்தான்! எத்தனை பேர் அந்த மண்ணை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனார்களோ!

சரி, தண்ணீருக்கு வருவோம்.

மலையைச் சுற்றி இறங்குகிற ஓடைகளில் குளிப்பதற்கென்று பல இடங்கள் உண்டு. மெர்போக் பக்கம் தூப்பா. யான் பக்கம் தித்தி ஹாயுன், செரி பெரிகி, புத்ரி மண்டி, பத்து ஹம்பார். மேலே, உச்சிக்குப் போகும் வழியில் சுங்கை தெரோய். இவற்றில் தூப்பாவும் தெரோயும் மாநில வனத்துறையின் பொழுதுபோக்குப் பூங்காக்கள். முன்பு 'ஹுத்தான் லிப்போர்' என்ற பலகை இருந்த இடங்களில் இப்போது 'தாமான் எக்கோ ரிம்பா' என்று பார்க்கலாம். நிழல், பாறை, சில்லென்ற தண்ணீர் எல்லாம் கிடைக்கும். பெரிய செலவும் இல்லை. ஒரு பானை பிரியாணியும் ஒரு பாயும் இருந்தால் போதும், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் இன்பமாகக் கழிந்துவிடும்.

இதே ஓடைகள் 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி என்ன செய்தன என்பதை மறக்கலாமா? அன்று புதன்கிழமை. மாலையில் மலைமேல் கொட்டிய மழையில் உச்சிச் சரிவுகள் பிளந்து சரிந்தன. மண்ணும் பாறையும் மரங்களும் ஓடைகளில் விழுந்து, தண்ணீரோடு சேர்ந்து உருண்டு வந்தன. யான், கூரூன், மெர்போக் மூன்று பக்கமும் அடி விழுந்தது. வீடுகளில் சேறு, சாலைகளில் மரம். ஆறு பேர் மாண்டார்கள். தித்தி ஹாயுனை மறுநாள் படத்தில் பார்த்தவர்களுக்கு அது குளிக்கிற இடம் என்றே தெரிந்திருக்காது. வண்டி வண்டியாகக் கட்டைகளும் பாறைகளும் கொட்டிக் கிடந்தன.

மலாய்க்காரர்கள் இதை 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். நல்ல பெயர்தான். முன்னால் தலை வரும். உடம்பு பின்னால் வரும். தலை தெரிந்த பிறகு ஓடுவதற்கு நேரம் இருக்காது.

இது எப்படி வருகிறது? நம்மில் பலர் நினைப்பது, 'இங்கே மழை பெய்தால்தானே இங்கே வெள்ளம் வரும்' என்று. அங்கேதான் ஏமாறுகிறோம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஜெராயில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, மேகமாகிறது, மழையாகக் கொட்டுகிறது. ஆகவே உச்சியில் அடைமழை பெய்யும்போது அடிவாரத்தில் சட்டை காய்கிற வெயில் அடிக்கும். அடுத்தது, இந்த ஓடைகள் நீளமானவை அல்ல. மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்திலிருந்து சில மைல் தூரத்திலேயே சமவெளிக்கு வந்துவிடுகின்றன. மேலே பெய்த மழை கீழே வர ஒரு நாள் ஆகாது. சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்றாவதுதான் பொல்லாதது. மேலே எங்காவது விழுந்த மரம் ஓடையை அடைத்துக்கொள்ளும். சருகும் மண்ணும் சேர்ந்து அது அணை மாதிரி ஆகிவிடும். பின்னால் தண்ணீர் தேங்கும். அப்போது கீழே குளிக்கிறவர்களுக்குத் தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைந்ததுபோலக்கூடத் தோன்றலாம். அணை உடைந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் வரும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், அக்காள் தங்கை குடும்பங்களெல்லாம் சேர்ந்து மூன்று காரில் மலையடிவாரத்து ஓடை ஒன்றுக்குப் போனோம். பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். போய்ச் சேரவே பதினொரு மணி. அடுப்புப் பற்றவைத்து, கோழி சுட்டு, சாப்பிட்டு முடிக்க இரண்டு மணியாகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நல்ல வெயில். என் அத்தை, எழுபது வயதைத் தாண்டியவர், பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மரக்கிளை விலகின இடத்தில் மலை தெரிந்தது. திடீரென்று எழுந்து நின்றார்.

"டேய், புள்ளைங்கள மேல ஏத்துங்கடா!"

"என்னா அத்தே, வெயிலு கொளுத்துது..."

"வெயிலப் பாக்காத. மலையப் பாரு. தொப்பி கறுத்துப் போச்சு. தண்ணியில எல மெதந்து வருது பாரு, பச்சை எல!"

பார்த்தேன். சருகு மிதந்து வருவது சகஜம். ஆனால் அன்று வந்தவை அப்போதுதான் ஒடிந்த பச்சை இலைகள், சிறு சுள்ளிகள். மேலே காற்றோ மழையோ மரத்தை உலுக்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வர மனமில்லை. மாமன் மகன் ஒருவன், "கெழவிக்குப் பயம்" என்று முணுமுணுத்தான். அத்தை கையில் கிடைத்த கம்பை எடுத்தார். தோட்டத்தில் ஆடு ஓட்டின கை அல்லவா! எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். எதிர்க்கரையில் ஒரு மலாய்க் குடும்பம். அவர்களுக்கும் கையாட்டிக் கத்தினோம். அந்த அப்பாவும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தம் பக்கத்து மேட்டில் ஏறினார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் சத்தம் கேட்டது, லாரி பாலத்தில் ஓடுவதுபோல. பிறகு மண் வாடை வந்தது. பிறகு காப்பி நிறத்தில் ஒரு சுவர் போலத் தண்ணீர் வளைவைத் தாண்டி வந்தது. நாங்கள் கோழி சுட்ட கல், சட்டி, ஏழெட்டு ஜோடி செருப்பு, பாய் எல்லாம் கண்ணெதிரே போயின. எதிர்க்கரைக் குடும்பமும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி, தண்ணீர் வடிகிறவரை பேச்சில்லாமல் நின்றோம். முணுமுணுத்த பையன் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அத்தை பள்ளிக்கூடம் போகாதவர். மழைக்கு முன்னால் பாலைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும் என்பதற்காக நாற்பது ஆண்டு வானத்தைப் படித்தவர். அந்தப் படிப்பு இன்றைய பிள்ளைகளுக்கு எங்கே? கைத்தொலைபேசியில் வானிலைத் துறையின் முன்னறிவிப்பைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான்; நானும் பார்க்கிறேன். ஆனால் அது மாவட்டத்துக்கு மழை உண்டா இல்லையா என்று சொல்லும். நாம் கால் நனைக்கிற ஓடையின் தலைமாட்டில் இந்த நேரம் என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதற்கு மலையைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே போகிறவர்கள் காலையில் போங்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் இடி மழை பிற்பகலில்தான் கட்டும். ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் தண்ணீரில் இறங்கி, பன்னிரண்டு மணிக்குக் கரையேறி, சாப்பாட்டை மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்ததுபோல் தலைகீழாகச் செய்யாதீர்கள். கெடாவில் சனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். தீபாவளி விடுமுறை அந்த மழைக்காலத்திலேயே வந்து தொலைக்கிறது! எண்ணெய் தேய்த்துக்கொண்டு நீர்வீழ்ச்சிக்குக் கிளம்புகிற இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். முதல் நாள் இரவு முழுக்க மழை என்றால் வேறு இடத்துக்குப் போங்கள். வனத்துறையார் கயிறு கட்டி மூடியிருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள். "நாங்க பாக்காத தண்ணியா" என்று பேசுகிற வீரர்களை நிறையப் பார்த்தாயிற்று.

போய்ச் சேர்ந்தவுடன் அடுப்பைத் தேடாதீர்கள்; மேட்டைத் தேடுங்கள். எந்தப் பக்கம் ஏறினால் தப்பலாம், கிழவிகளையும் குழந்தைகளையும் எப்படி ஏற்றுவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மலையையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, பச்சை இலையும் சுள்ளியும் வந்தாலோ, பாறையில் இருந்த ஈரக்கோடு மூழ்கினாலோ, தண்ணீர் காரணமில்லாமல் குறைந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ அந்த நிமிடமே ஏறிவிட வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. அது உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் மேடேறுங்கள். செருப்புக்கும் கைத்தொலைபேசிக்கும் திரும்பாதீர்கள். நடு ஓடைப் பாறையில் மாட்டிக்கொண்டவனைக் காப்பாற்ற ஆள்மேல் ஆள் குதிக்காதீர்கள். 999-க்கு அழைத்துவிட்டு, கரையிலிருந்தே கயிறோ கம்போ நீட்டப் பாருங்கள்.

பீர் போத்தலைக் குளிர்வதற்காகத் தண்ணீரில் புதைத்து வைக்கிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. குடித்தவன் காதில் மலை இரைவது விழாது. உடைந்த போத்தல் அடுத்த வாரம் இன்னொருவன் பிள்ளையின் காலைக் கிழிக்கும். அந்தப் பிள்ளை உங்கள் அண்ணன் மகனாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மிச்சச் சோற்றைப் பாறையிடுக்கில் கொட்டினால் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் நம் காலிலுள்ள சிராய்ப்பு வழியே உடம்பில் ஏறி எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். 2010-இல் பகாங் மாறான் வட்டாரத்து லுபுக் யூ நீர்வீழ்ச்சியில், மூழ்கியவர் ஒருவரைத் தேடப் போனவர்களிலேயே சிலர் இப்படித் தண்ணீர், மண் மூலம் வந்த கிருமிகளால் இறந்தார்கள். ஓடையில் குளித்து வந்த ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், சாதாரணக் காய்ச்சல் என்று பானடோல் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் போய், "நீர்வீழ்ச்சியில் குளித்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

உச்சிக்குப் போவதைப் பற்றியும் கேட்பீர்கள். கூரூன் பக்கமிருந்து வளைந்து வளைந்து ஒரு சாலை மேலே ஏறுகிறது. மண் சரிந்தால் அதை மூடிவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. நடந்து ஏறுகிற பாதைகளும் உண்டு. வழி தெரிந்தவர் துணையில்லாமல் போகக் கூடாது. ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிற உச்சிப் பகுதிக்குள் எல்லாரையும் விடமாட்டார்கள். அதனால் நட்டமில்லை. அதற்குக் கீழேயே கடல், பினாங்குத் தீவு, மெர்போக் ஆறு, பாய் விரித்ததுபோல நெல் வயல் எல்லாம் தெரியும். அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. பாறைச் சந்துகளில் பூச்சி பிடிக்கிற குடுவைச் செடிகளைப் பார்க்கலாம். பறித்துக்கொண்டு வராதீர்கள், கீழே கொண்டுவந்தால் நம் வெக்கையில் செத்துப்போகும்.

2021-க்கு முன்பு, அந்தச் சாலை திறந்திருந்த ஒரு நாளில், என் அம்மாவை வேனில் மேலே அழைத்துப் போனேன். முழங்கால் வலி, வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவரைத் தம்பி மகள் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பீடோங் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"நம்ம நெர எங்க இருக்குன்னு பாக்குறேன்."

நிரை எங்கே இருக்கும்! செம்பனையும் வீட்டுக் கூரைகளும் நெடுஞ்சாலையும்தான் தெரிந்தன. நான் கையை நீட்டி, உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குள் கடல் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ ஏறி வந்தது. ஐந்து நிமிடத்தில் எதிரே நின்ற வேன்கூடத் தெரியவில்லை. முகமெல்லாம் ஈரம். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி அந்தப் புகையைத் துழாவினார்.

"இதுதானா அந்தத் தொப்பி? இத்தன வருஷமா இதுக்கா பயந்து ஓடினேன்!" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "சீக்கிரம் எறங்கலாம்டா. கீழ எவளாச்சும் ஓடிக்கிட்டு இருப்பா."